உச்சிவேளைப் பூட்டு

மதியச் சாப்பாட்டுக்குக் கடையில் அரை மணி நேரம் விடுவார்கள். சௌமினி அதில் பாதியை ஜன்னலில் செலவழித்தாள். மூன்றாம் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில் படிக்கட்டு திரும்பும் இடத்தில் அந்த ஜன்னல் இருந்தது. சேலை வந்திறங்கிய அட்டைப்பெட்டிகள் அங்கேதான் கூரை வரைக்கும் அடுக்கிக் கிடக்கும். பெண்கள் பெட்டிகளுக்கு நடுவே குந்தியும் நின்றும் சாப்பிடுவார்கள். கஞ்சிப்பசை வாசனையும் வறுத்த மத்தி மீன் வாசனையும் கலந்து அடிக்கும்.

ஜன்னலுக்கு வெளியே தெருவைத் தாண்டினால் வலியகுளம் பார்க். கோழிக்கோட்டின் நட்ட நடுவில், நாலு பக்கமும் பஸ் ஓட, ஒரு குளமும் அதைச் சுற்றிப் பழைய மரங்களும் கொண்ட பார்க். காலையில் நடப்பவர்களுக்குத் திறப்பார்கள். பத்து மணிக்குப் பூட்டுவார்கள். மாலையில் குழந்தை குட்டிகளோடு வருபவர்களுக்காக மறுபடி திறப்பார்கள். நடுவே, ஊர் முழுக்க வெயிலில் வெந்து நிழல் தேடும் நேரத்தில், அத்தனை நிழலும் பூட்டிக் கிடக்கும்.

"யாருமே இல்லாத இடத்துல அப்படி என்னத்தப் பாக்கறீங்க சௌமினியேச்சி?" என்று சுஹரா கேட்பாள். பட்டுப் பிரிவில் சௌமினிக்கு அடுத்த கவுண்டர் அவளுடையது. வயதில் இளையவள், வாயில் மூத்தவள்.

"யாரும் ஏன் இல்லன்னுதான் பாக்கறேன்."

"பூட்டியிருக்கு, அதான் இல்ல."

"ஏன் பூட்டியிருக்கு?"

"ஆரம்பிச்சாச்சு," என்று சுஹரா மற்றவர்களிடம் கண்ணைக் காட்டுவாள்.

கேள்வி கேட்பது சௌமினியோடு கூடப் பிறந்தது. ஏலத்தூரில் பள்ளிக்கூடம் போன காலத்தில், மழையில் நண்டு எதற்காக ரோட்டைக் கடக்கிறது என்று கேட்டு வகுப்புக்கு வெளியே நின்றவள். பிரபாகரனுக்கு வாழ்க்கைப்பட்டு ஃபரோக்குக்கு வந்தாள். அவன் வேலை பார்த்த ஓட்டுக் கம்பெனி மூடியபோது மற்றவர்களெல்லாம் அழுதார்கள். இவள் மட்டும், அந்தச் சூளையில் கடைசியாக வெந்த ஓடுகளை யார் வாங்கினார்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். பிறகு பிரபாகரன் ஒரு ஆஸ்பத்திரியில் இரவுக் காவலுக்குப் போனான், இவள் ஜவுளிக்கடைக்கு வந்தாள். வந்த புதிதில் தலையில் நரை இல்லை, காலில் நரம்பு முடிச்சும் இல்லை. இப்போது இரண்டும் இருக்கின்றன.

வேலையில் அவள் கெட்டிக்காரி. அதற்கும் அந்தக் கேள்விப் புத்திதான் காரணம். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வருபவளைப் பார்த்து, இவள் யாருக்காக வாங்க வந்திருக்கிறாள், யாரிடம் கோபித்துக்கொண்டு வந்திருக்கிறாள் என்று யோசிக்கத் தொடங்கிவிடுவாள். பாதி நேரம் சரியாக இருக்கும். மீதி நேரம் வாடிக்கையாளரே உட்கார்ந்து உண்மையைச் சொல்லிவிட்டுப் போவார். அவர்களுக்கு உட்கார மெத்தை வைத்த நாற்காலி உண்டு.

விற்பவர்களுக்கும் உட்கார இடம் கொடுக்க வேண்டும் என்று பிற்பாடு சட்டம் வந்தது. கவுண்டருக்குப் பின்னால் ஆளுக்கொரு ஸ்டூலும் வந்தது. ஆனால் உட்கார்ந்திருக்கும் பெண்ணைக் கண்டால் வாடிக்கையாளர்கள் நிற்கும் பெண்ணிடம் போனார்கள். மேனேஜர் லத்தீப் எதுவும் சொல்ல மாட்டார், வெறுமனே பார்ப்பார். கொஞ்ச நாளில் ஸ்டூல்களின் மேல் சேலைப் பெட்டிகள் ஏறி உட்கார்ந்துகொண்டன.

ஆக, சௌமினிக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. அந்த அரை மணி நேரம், காலை நீட்டி உட்கார்ந்து, காற்றுப் பட ஒரு வாய் சோறு. எதிரே பார்க் இருக்கிறது. நடுவில் ஒரு பூட்டு.

அந்த வருடம் ஆடி மாதத்துக் கர்க்கடக மழை ஓய்ந்த சமயத்தில், பார்க்கைப் புதுப்பிக்கப் போவதாக ஜீப்பில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். எப்படிப் புதுப்பிக்கலாம் என்று ஊர் மக்களே முடிவு செய்யலாமாம். அதற்கு ஒரு மக்கள் கமிட்டி. ஞாயிற்றுக்கிழமை முதல் கூட்டம். சௌமினிக்கு விடுமுறை நாள். துவைக்க வேண்டிய துணியை ஊறப் போட்டுவிட்டு பஸ் ஏறினாள்.

கன்வீனர் அச்சுதன்குட்டி மாஷ். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் எந்தக் கமிட்டி போட்டாலும் அதில் ஒரு நாற்காலி அவருக்காகக் காத்திருக்கும். வரைபடம் போட வந்தவள் ரோஷ்னி. மஸ்கட்டில் வளர்ந்து, எங்கெங்கோ தோட்டக்கலை படித்துத் திரும்பியவள். வந்தவர்கள் கையிலெல்லாம் அவள் சின்னச் சின்னத் துணிக்கொடிகளைக் கொடுத்தாள்.

"பார்க்குக்குள்ள நடந்து போங்க. எது இப்படியே இருக்கணுமோ அங்க பச்சைக் கொடி நடுங்க. எது வேண்டாமோ அங்க சிவப்பு. எங்க புதுசா ஏதாவது வரணுமோ அங்க காவி."

மாஷின் முகம் வெளிறியது. "மோளே, வேற கலர் கிடைக்கலையா?"

"ஏன் மாஷே? தூரத்துலேர்ந்து நல்லாத் தெரியும்."

"அதான் பயமா இருக்கு."

அவர் பயந்தபடியே ஆயிற்று. முதல் சிவப்புக் கொடி குளத்தோரத்து உடைந்த பெஞ்சின் அருகில் ஏறியது. அதைப் பார்த்த இரண்டு தோழர்கள், நம் கொடி ஏறிவிட்டது என்று மேலும் நாலைந்தை அங்கேயே நட்டார்கள். பள்ளிவாசல் பக்கத்து நடைபாதை பச்சையாயிற்று. அரசமரத்தடியில் ஒரு காவிக்கொடி முளைத்ததும், அதை நட்டது யார், பிடுங்கப் போவது யார் என்று இரண்டு கூட்டம் கூடிவிட்டது. ஒரு போலீஸ் ஜீப் மெதுவாக வந்து வாசலில் நின்றது. எதை வேண்டும் என்றார்கள், எதை வேண்டாம் என்றார்கள் என்பது யாருக்கும் ஞாபகமில்லை.

"நான் பெஞ்சை எடுக்கணுமான்னுதான் கேட்டேன்," என்றாள் ரோஷ்னி, அழாத குறையாக.

"இந்த ஊர்ல கொடிய நட்டுட்டா எடுக்கறதுக்கு ஹைகோர்ட்டுக்குப் போகணும்," என்றார் மாஷ்.

கடைசியில் கேட் காவலாளி சாத்துக்குட்டிதான் வழி கண்டார். அவர் எந்தக் கட்சியும் இல்லை என்று எல்லாக் கட்சிக்கும் தெரியும். ஒரு சாக்கோடு போய் எல்லாக் கொடியையும் ஒன்றாகப் பிடுங்கிப் போட்டுக்கொண்டு, "நான் பத்திரமா வச்சுக்கறேன், யாரும் கவலைப்படாதீங்க," என்று மறைந்துவிட்டார்.

சௌமினி இதையெல்லாம் சிரிப்பை அடக்கிக்கொண்டு பார்த்தாள். பிறகு தன் கேள்வியை எடுத்தாள். "இதை ஏன் மதியம் பூட்டறாங்க?"

விசித்திரம் என்னவென்றால், ஆளுக்கொரு பதில் இருந்தது, ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. காதல் ஜோடிகள் வந்துவிடுவார்கள் என்றார் காலை நடைக் குழுத் தலைவர் சதாசிவன். செடிக்குத் தண்ணீர் விடும் நேரம் அது என்றார் இன்னொருவர். மழைக்காலத்தில் கூடவா என்று சௌமினி கேட்டதும் அவர் சுலைமானி டீ குடிக்கப் போய்விட்டார். வெள்ளைக்காரன் காலத்து உத்தரவு என்றார் மாஷ். சாத்துக்குட்டி மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பாம்பு."

"பாம்பா?"

"உச்சிக்கு வெளிய வரும். குளிப்புரை இருக்கில்ல, அங்கதான் வாசம்." குளத்தின் கிழக்குக் கரையில், ஓடு வேய்ந்து, கதவு சாத்திக் கிடந்த பழைய குளியல் கொட்டகையை அவர் மோவாயால் காட்டினார். "அந்தக் காலத்துல சனம் குளிச்சுட்டுத் துணி மாத்தின இடம். இப்போ அதுங்க குடியிருக்கு."

"நீங்க பாத்திருக்கீங்களா சாத்துக்குட்டியேட்டா?"

"பாக்காமயா சொல்றேன்? இவ்வளவு நீளம்," என்று கையை விரித்தார். அவரிடம் ஏதோ இடறுகிறது என்று சௌமினிக்குத் தோன்றியது. சேலையைத் தடவிப் பார்த்துவிட்டு, வீட்டில் கேட்டுக்கொண்டு வருகிறேன் என்று சொல்பவர்களின் கண் அப்படித்தான் இருக்கும்.

அவள் ரோஷ்னியிடம் போனாள். "மோளே, மதியம் திறந்து வைக்கணும்னு உங்க படத்துல போட முடியுமா?"

"நேரத்தை நான் படத்துல வரைய முடியாது சேச்சி. ஆனா அந்த நேரத்துக்கு ஆள் வருவாங்கன்னு தெரிஞ்சா, அதுக்கு ஏத்தமாதிரி இடம் வரையலாம். இடம் வந்துட்டா பூட்டறது கஷ்டம். யாராவது கேக்கறாங்களா?"

"நாங்க கேக்கறோம். தெருவுல இருக்கற கடைப் பொண்ணுங்க எல்லாரும்."

ரோஷ்னி சுற்றிலும் பார்த்தாள். கூட்டத்தில் இருந்த ஒரே கடைப் பெண் சௌமினிதான்.

கொடிக்குப் பதில் என்ன என்று கமிட்டி இரண்டு கூட்டம் போட்டது. நீலம் ஒரு கட்சி, வெள்ளை சரணாகதி, மஞ்சள் ஏதோ சங்கம். சுண்ணாம்பு போட்டால் மழை கரைத்துவிடும். வெளியே தூறல் விழ, ஆளாளுக்குக் குடையைத் தேடி எழுந்தபோது ரோஷ்னிக்கு யோசனை வந்தது. எல்லோரிடமும் குடை இருக்கிறது. எங்கே உட்கார ஆசையோ அங்கே அவரவர் குடையை விரித்து வைக்கட்டும். மேலே இருந்து ஒரு படம் எடுத்தால் போதும், எங்கே நிழல் வேண்டும், எங்கே பெஞ்சு வேண்டும் என்று தெரிந்துவிடும்.

"ஆம்பளைங்க குடை எல்லாம் கறுப்பு," என்றார் மாஷ் திருப்தியாக. "பொம்பளைங்க குடையில பூ. பூவுக்கு இன்னும் கட்சி வரல."

"ஒரு பூவுக்கு வந்தாச்சு மாஷே," என்றார் சதாசிவன்.

"தாமரை போட்ட குடை மட்டும் வேண்டாம்னு நோட்டீஸ்ல சேத்துருங்க."

சிங்ஙத்தில், அதாவது ஆவணியில், ஞாயிற்றுக்கிழமைகளெல்லாம் கல்யாணம் என்பதால் ஒரு புதன்கிழமை மாலையை வைத்தார்கள். அங்கேதான் சௌமினிக்கு இடி விழுந்தது. ஓணத்துக்கு முந்திய வாரங்கள் அவை. ஜவுளிக்கடையில் அந்த நாட்களில் தாய் செத்தால்கூட மேனேஜரிடம் தேதி மாற்றிக் கேட்க வேண்டும்.

லத்தீப் முன்னால் போய் நின்றாள். "ஒரு மணி நேரம் பர்மிஷன் வேணும் ஸார்."

"என்ன விஷயம்?"

"குடை விரிக்கணும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மாட்டிக்கொண்டார். இவ்வளவு காலத்தில் அவள் பொய் சொல்லிக் கேட்டதில்லை. இது பொய்யாகவும் தெரியவில்லை. "ஒருத்தர்தான். ரெண்டு பேர் கேட்டா யாருக்கும் இல்ல," என்றார்.

விஷயம் தெரிந்ததும் சுஹரா தன் குடையை எடுத்து நீட்டினாள். நீலப் பூப் போட்ட மடக்குக் குடை, ஒரு கம்பி வளைந்தது. "என் பங்கையும் விரிச்சுட்டு வாங்க. நல்ல இடமாப் பாத்து. பக்கத்துல குப்பைத் தொட்டி இருந்தா உங்களத்தான் கேப்பேன்."

அதைப் பார்த்து ரெடிமேட் பிரிவு கொடுத்தது. பக்கத்துச் செருப்புக்கடை கொடுத்தது, வளையல் கடை கொடுத்தது. புதன்கிழமை மாலை சௌமினி தெருவைக் கடந்தபோது இரண்டு தோளிலும் இரண்டு பெரிய துணிப்பைகள், அவற்றில் நிறையக் குடைகள். பஸ்ஸிலிருந்து ஒருவன், "சேச்சி, மழை எப்போ?" என்று கத்தினான்.

பார்க் ஏற்கெனவே பூத்திருந்தது. குளத்துப் படிகளில் வரிசையாகக் கறுப்பு. ஊஞ்சல் பக்கம் குழந்தைகளின் குடைகள். மேற்குப் புல்வெளியில், சாயங்காலக் காற்று வரும் இடத்தில், குடைக்கு மேல் குடை. எல்லோரும் தாங்கள் வரும் நேரத்தை வைத்து இடம் பிடித்திருந்தார்கள்.

சௌமினிக்கு இடம் தேட வேண்டியிருக்கவில்லை. ஜன்னலிலிருந்து எத்தனையோ மதியங்கள் பார்த்து வைத்த இடம். குளத்தின் தென்மூலையில் பிரம்மாண்டமாக ஒரு தூங்குமூஞ்சி மரம். மேலிருந்து பார்க்கும்போது அதன் கொப்பெங்கும் வெள்ளைக் கொக்குகள் பூத்தாற்போல் இருக்கும். நடுப்பகலில் அதன் நிழல் ஒரு கல்யாணப் பந்தல் அளவுக்கு விழும். அதனடியில் ஒரு குடைகூட இல்லை. இவ்வளவு நல்ல இடம் எப்படி மிஞ்சியது என்று ஒரு கணம் யோசித்தாள். கேள்விக்காரிதான், ஆனால் அன்று நேரம் இல்லை. காலையில் பெய்த மழை தரையைக் கழுவிச் சுத்தமாக வைத்திருந்தது. மளமளவென்று குடைகளை விரிக்க ஆரம்பித்தாள்.

"நில்லுங்க, நில்லுங்க!" சதாசிவன் ஓடி வந்தார். "ஒரு ஆளுக்கு ஒரு குடை."

"இது ஒரு ஆளோடது இல்ல. ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஆள் இருக்காங்க."

"எங்க?"

"கடையில. நின்னுட்டு இருக்காங்க."

"வராதவங்களுக்கு இடம் எதுக்கு? குடை வந்தா ஆள் வந்த மாதிரியா? மாஷே, இங்க வந்து பாருங்க, கள்ள ஓட்டு!"

மாஷ் வந்தார். பின்னாலேயே ரோஷ்னி, அவள் பின்னால் வேடிக்கை பார்க்கச் சாத்துக்குட்டி. மாஷ் குடைகளைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். "அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. வந்தவங்களோடதத்தான் கணக்குல எடுக்க முடியும்."

சௌமினிக்கு முகம் சூடேறியது. பை இறுக்கிய தோள் வேறு வலித்தது. "மாஷே, நீங்க கண்ணூருக்கு பஸ்ல போவீங்களா?"

"போவேன். எதுக்கு?"

"கூட்டமா இருந்தா என்ன செய்வீங்க?"

"ஜன்னல் வழியாத் துண்டப் போட்டு இடம்..." என்று சொல்லத் தொடங்கிய மாஷ் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"துண்டு கிடக்கற சீட்டுல யாராவது உக்காந்தா?"

துண்டு போட்ட சீட்டுக்காக மாஷ் ஒருமுறை வடகரை வரைக்கும் சண்டை போட்டுக்கொண்டே போன கதை ஊருக்கே தெரியும். சாத்துக்குட்டி பக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

"சரி, ஆள் இருக்குன்னு வச்சுக்கலாம்," என்றார் மாஷ். "ஆனா துண்டு போட்டவன் பஸ் கிளம்பறதுக்குள்ள வந்து உக்காரணும். அதுதான் வழக்கம். அடுத்த வாரம் ஒரு நாள் மதியம் திறந்து விடச் சொல்றேன். உங்க ஆளுங்கள கூட்டிட்டு வாங்க. வந்து உக்காந்தா இந்தக் குடை எல்லாம் கணக்குல சேரும். வரலன்னா பூட்டு பூட்டாவே இருக்கும், பேச்சில்ல."

"ஒரே ஒரு நாளா?"

"பஸ் ஒரு தடவதான் நிக்கும்."

சதாசிவன் மரத்தை அண்ணாந்து பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு மீசைக்குள் சிரித்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டார். சாத்துக்குட்டிக்குத்தான் சிரிப்பு நின்றிருந்தது. "மதியமா?" என்று கேட்டார். "மாஷே, பாம்பு."

"பாம்ப நான் பாத்துக்கறேன்," என்றாள் சௌமினி.

அந்த நாளும் வந்தது. மழை நின்று, வெயில் கண்ணைக் குத்தியது. கடைகளில் சாப்பாட்டு முறையை மாற்றி மாற்றி எப்படியோ இருபது பேருக்கு மேல் ஒரே நேரத்தில் கிளப்பியிருந்தாள் சுஹரா. தூக்குச் சட்டிகளோடும் குடைகளோடும் அவர்கள் தெருவைக் கடந்தபோது ஆட்டோக்காரர்களே வண்டியை நிறுத்தி வழிவிட்டார்கள். கேட்டுக்கு உள்ளே மாஷும் சதாசிவனும் ரோஷ்னியும் நின்றிருந்தார்கள். சாத்துக்குட்டி பூட்டைத் திறந்துவிட்டு, பூட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

மரத்தடி சௌமினி நினைத்ததைவிடக் குளுமையாக இருந்தது. வேர்கள் தாமாகவே பெஞ்சு போல எழுந்து வளைந்திருந்தன. ஒரு வேரில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, காலை நீட்டினாள். முழங்காலுக்குக் கீழே இரத்தம் இறங்குவது தெரிந்தது. பகல் வெளிச்சத்தில் தன் கால்களைத் தானே பார்த்து எத்தனை காலம் ஆயிற்று என்று வியப்பாக இருந்தது. சுஹரா தூக்குச் சட்டியைத் திறந்தாள். சோறு, மோர்க் கறி, மேலே இரண்டு வறுத்த மத்தி.

முதல் சொட்டு மத்தியின் மேலேயே விழுந்தது.

"மழையா?" என்று யாரோ கேட்டார்கள்.

"வெள்ளையா இருக்கே," என்றாள் சுஹரா.

எல்லோரும் ஒன்றாக மேலே பார்த்தார்கள். அது தவறு. வளையல் கடைப் பெண்ணுக்கு நெற்றியில் விழுந்தது. ஜன்னலிலிருந்து பூவாகத் தெரிந்த அத்தனை கொக்கும் கூடு கட்டிக் குஞ்சு பொரித்திருந்தன. கீழே இருபது பேர் வந்து மீன் சட்டியைத் திறந்த வாசனையில் கொப்பெல்லாம் கலைந்து, கத்தி, சிறகடித்து, இருந்ததையெல்லாம் இறக்கிவிட்டன. படபடவென்று குடைகள் விரிந்தன. நிழல் தேடி வந்தவர்கள் நிழலுக்குள் குடை பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

சதாசிவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "குடை எதுக்குன்னு இப்போ புரியுதா? காலையில நடக்கற நாங்க அந்த மரத்துப் பக்கமே போக மாட்டோம்!"

"சௌமினியேச்சி!" சுஹராவின் குரல் குடைக்கு அடியிலிருந்து வந்தது. "நல்ல இடமாப் பாருங்கன்னுதான் சொன்னேன்! குப்பைத் தொட்டியே தேவல!"

மேலிருந்தே பார்த்துப் பழகிய சௌமினிக்குக் கீழே என்ன விழும் என்று தோன்றவே இல்லை. அரை மணியில் பாதி போய்விட்டது. இப்படியே எல்லோரும் கடைக்குத் திரும்பினால் முடிந்தது. மாஷ் கைக்கடிகாரத்தைப் பார்ப்பது தெரிந்தது. கூரை, ஏதாவது ஒரு கூரை. சுற்றிப் பார்த்தாள். பக்கத்தில் ஒன்றுதான் இருந்தது.

"குளிப்புரைக்கு ஓடுங்க!"

"ஐயோ, பாம்பு!" என்று அலறினார் சாத்துக்குட்டி. அலறியதோடு நிற்கவில்லை, அவர்களுக்கு முன்னால் ஓடினார். பாம்புக்குப் பயந்தவர் பாம்பு இருக்கும் இடத்தை நோக்கி ஏன் இவ்வளவு வேகமாக ஓடுகிறார் என்று, அந்தக் குழப்பத்திலும் சௌமினிக்குத் தோன்றியது. கதவை மறித்து நின்றவரின் கைக்கு அடியில் குனிந்து கதவைத் தள்ளினாள். எண்ணெய் போட்ட கதவு சத்தமில்லாமல் திறந்தது.

உள்ளே செங்கல் தரை பெருக்கித் துடைத்துப் பளபளவென்றிருந்தது. சுவர் நெடுக, அந்தக் காலத்தில் குளித்து வந்தவர்கள் உட்காரக் கட்டிய கல் மேடை. குளத்துப் பக்கம் திறந்திருந்த வளைவுகள் வழியாக, தண்ணீரைத் தடவி வந்த காற்று அடித்துக்கொண்டிருந்தது. மேடையில் ஒரு பாய். பாய்க்குப் பக்கத்தில் சுலைமானி ஃபிளாஸ்க், ஒரு சின்ன ரேடியோ. தலைமாட்டில் துணியைச் சுருட்டித் தைத்த ஒரு தலையணை. அதன் தையல் விட்ட மூலையில் பச்சையும் சிவப்பும் காவியும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு எட்டிப் பார்த்தன.

ரேடியோவில் யாரோ வானிலை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"இவ்வளவு நீளமா?" என்று சௌமினி கையை விரித்துக் காட்டினாள்.

சாத்துக்குட்டி தரையைப் பார்த்தார். "எனக்கு முன்னாடி இருந்த காவல்காரர் சாவியக் கொடுக்கும்போதே பாயையும் கொடுத்தார். அவருக்கு முன்னாடி இருந்தவரும் மதியம் பூட்டிட்டு இங்கதான் படுப்பாராம். அதிகாலையில திறக்கணும், ராத்திரி மூடணும். நடுவுல ஒரு கண்ணு அசரலன்னா முடியுமா?" பிறகு நிமிர்ந்து மாஷிடம், "வெள்ளைக்காரன் உத்தரவெல்லாம் நான் சொல்லல மாஷே. அது நீங்க சொன்னது," என்றார்.

மாஷ் இருமினார். ரோஷ்னி வாயைப் பிளந்தபடி கூரைக் கட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இத இடிச்சுட்டு இங்க நின்னு ஃபோட்டோ எடுக்கற மேடை வேணும்னு நடைக் குழு எழுதிக் கொடுத்திருக்கு," என்றாள். "பாம்பு இருக்குன்னு சொன்னதால நான் உள்ள வந்து பாக்கவே இல்ல."

சௌமினி அங்கே நின்றுகொண்டு எல்லோரையும் பார்த்தாள். எத்தனையோ மதியங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் ஒரு பாயாகக் கிடந்தது. அவள் எதிர்பார்த்த கோபம் வரவில்லை. அவளும் அவரும் தேடியது ஒன்றையேதான். அவருக்கு மட்டும் சாவி கிடைத்திருந்தது.

"ஏட்டா, உங்க பாய் அந்த மூலையில இருக்கட்டும்," என்றாள். "எங்களுக்கு இந்தப் பக்கம் போதும். நீங்க தூங்குங்க, நாங்க சத்தம் போடாம சாப்பிடறோம்."

"யாரு? சுஹராவா சத்தம் போடாம?" என்றாள் வளையல் கடைப் பெண், நெற்றியைத் துடைத்துக்கொண்டே.

அதற்குள் எல்லோரும் மேடையில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். சுஹராவின் மத்தி போனதால் நாலு பக்கமிருந்தும் நாலு மீன் அவள் சட்டிக்கு வந்தது. இரண்டு மீன் கொண்டுவந்தவள் நாலு மீன் சாப்பிட்டாள்.

மாஷ் வாசற்படியில் நின்றார். "இத கமிட்டியில வச்சுப் பேசணும். திறக்கற நேரம், சாப்பாட்டுக் குப்பை, இவரோட... ஓய்வு நேரம். எல்லாம் பேசணும்."

"பேசுங்க மாஷே," என்றாள் சௌமினி. "ஆனா துண்டு போட்டவங்க வந்து உக்காந்தாச்சு. அத மொதல்ல எழுதிக்குங்க."

மாஷ் வரிசையைப் பார்த்தார், தலையை ஆட்டினார். "உக்காந்தாச்சு," என்று ஒப்புக்கொண்டார்.

கமிட்டி பேசி முடிக்க ஓணம் தாண்டியது. சதாசிவனின் படம் எடுக்கும் மேடை மேற்குப் புல்வெளிக்குப் போயிற்று. ரோஷ்னியின் புது வரைபடத்தில் குளிப்புரை ஓடு மாற்றி அப்படியே இருந்தது. தூங்குமூஞ்சி மரத்தைச் சுற்றி ஒரு வேலி, கொக்குகளுக்கு. உச்சிவேளை பற்றி நகரசபைக்கு எழுதியிருக்கிறோம், பதில் வர வேண்டும் என்றார் மாஷ்.

பதில் வரும்வரை யாரும் காத்திருக்கவில்லை. குளிப்புரையில் சாப்பிட்டதற்கு மறுநாளே மதியம் சௌமினியும் சுஹராவும் சும்மா பார்க்கலாமென்று தெருவைக் கடந்தார்கள். கேட்டில் சங்கிலி இருந்தது, பூட்டும் இருந்தது. ஆனால் பூட்டு வளையத்தில் மாட்டாமல் வாய் திறந்து தொங்கியது. உள்ளே குளிப்புரையில் சாத்துக்குட்டி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார், மூன்று கட்சியும் தலைக்கு அடியில் இருக்க. தூங்குகிறாரா தூங்குவதுபோல் கிடக்கிறாரா என்று சொல்ல முடியவில்லை. அன்றிலிருந்து தினமும் அப்படித்தான்.

சௌமினி மேடையில் காலை நீட்டினாள். வளைவு வழியாகத் தெருவுக்கு அந்தப் பக்கம் கடையின் படிக்கட்டு ஜன்னல் தெரிந்தது. கீழேயிருந்து பார்க்க எவ்வளவு சின்னதாக இருக்கிறது! ஜன்னலில் யாரோ நிற்பதுபோல் இருந்தது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டும் உருவம்.

"சுஹரா, அங்க பாரு. லத்தீப் ஸார்."

"எதப் பாக்கறாரு?"

"தெரியல," என்றாள் சௌமினி, சோற்றைப் பிசைந்தபடியே. "அந்த மனுஷன் மதியம் எங்க உக்காந்து சாப்பிடறாருன்னு உனக்குத் தெரியுமா?"

சுஹரா யோசித்தாள். தெரியவில்லை. இத்தனை காலத்தில் யாருக்குமே தெரியவில்லை.

"ஆரம்பிச்சாச்சு," என்று சுஹரா சத்தமாகச் சிரிக்க, மூலையில் சாத்துக்குட்டி புரண்டு படுத்தார்.